வெறுங்கையில் ஒரு குடம் தண்ணீர்: வீட்டு விளையாட்டுகளை வைத்து மௌன நடிப்பு பழகும் வழி

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓடுகிற கூடத்துக்குள் நுழைந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. நூல் அறுந்தது, டீ வந்தது, முதலாளி வருகிறார் என்பதெல்லாம் அங்கே கையும் கண்ணும்தான் சொல்லும். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலையை முடித்துவிடுவார்கள். வாய் திறக்காமல் சொல்வது கொங்கு நாட்டுக்குப் பழகிய விஷயம். அதையே பத்துப் பேருக்கு முன்னால் நின்று செய்யச் சொன்னால்தான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போய்விடுகிறது.

அந்தக் கூச்சத்தைப் போக்க வகுப்பு, மேடை, கட்டணம் எதுவும் வேண்டாம். நோம்பிக்கு (பண்டிகைக்கு) சொந்தபந்தம் கூடும் வீட்டிலும், பிறந்தநாளிலும், கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்திலும் நாம் ஏற்கெனவே விளையாடும் விளையாட்டுகளே போதும். ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் ஆசிரியர்கள், கல்லூரி மைம் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், குறும்படத்தில் நடிக்க ஆசைப்படுபவர்கள் எல்லோரும் இங்கிருந்து தொடங்கலாம். விதிகளை மட்டும் கொஞ்சம் மாற்ற வேண்டும். எதை மாற்றுவது, ஏன் மாற்றுவது என்பதுதான் கீழே வருகிறது.

வழக்கமான சினிமா பேர் ஆட்டம் ஏன் போதாது

எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம். ஒருவர் வந்து காதருகே கையைச் சுற்றினால் சினிமா. மூன்று விரல் காட்டினால் மூன்று சொல். காதைத் தொட்டால் அதே மாதிரி ஒலிக்கும் இன்னொரு சொல். பிறகு ஒவ்வொரு சொல்லாக உடைத்து, எதிரே இருப்பவர்கள் கத்தக் கத்த, "ஆமா, ஆமா" என்று தலையாட்டி முடிப்பார்கள். ஜாலியான ஆட்டம்தான். ஆனால் இதில் பழகுவது குறியீடு. தந்தி அடிப்பதற்கு நெருக்கமான வேலை. மூன்று விரல் காட்டியவர் எதையும் தூக்கவில்லை, எங்கேயும் நிற்கவில்லை, எதற்கும் பயப்படவில்லை.

மௌன நடிப்பில் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க வைப்பது குறிக்கோள் கிடையாது. இல்லாத பொருள் அங்கே இருக்கிறது என்று பார்ப்பவர் நம்ப வேண்டும். கையில் தேங்காய் இருந்தால் அதன் எடை தோளில் தெரிய வேண்டும். ஆகவே எல்லா ஆட்டத்துக்கும் பொதுவாக ஒரே விதி: சைகை காட்டக் கூடாது, வேலையைச் செய்ய வேண்டும். 'குடிப்பது' என்று கட்டைவிரலை வாயருகே கொண்டுபோவது சைகை. டம்ளரைப் பார்த்து, எடுத்து, சூடு பார்த்து, ஊதி, ஒரு வாய் குடித்து, கீழே வைப்பது வேலை.

தேவையானவை

8 முதல் 12 பேர் இருந்தால் சரியாக இருக்கும். ஆறு பேருக்குக் குறைந்தால் பார்க்க ஆள் இல்லாமல் போகும், பதினைந்தைத் தாண்டினால் ஒருவருக்கு முறை வரவே அரை மணி ஆகும். இடம் 12 அடிக்கு 12 அடி. வாசல், களம், மொட்டை மாடி எதுவும் ஆகும். கோலமாவால் தரையில் ஒரு கோடு போட்டு, அதற்கு ஒரு பக்கம் நடிப்பவர், மறுபக்கம் பார்ப்பவர் என்று பிரித்துவிடுங்கள். பவானி ஜமுக்காளம் இருந்தால் பார்ப்பவர்கள் உட்கார விரியுங்கள். நடிப்பவர் காலடியில் விரிக்க வேண்டாம், டைல்ஸ் தரையில் அது வழுக்கும். நடிப்பவர் வெறுங்காலில் நிற்பதே நல்லது, பாதம் தரையைப் பிடித்தால்தான் இடுப்பு வேலை செய்யும்.

ஜன்னலுக்கோ டியூப் லைட்டுக்கோ முன்னால் நடிக்க வைக்காதீர்கள். வெளிச்சம் முதுகுப்பக்கம் இருந்தால் முகம் கறுத்துப்போய், பார்ப்பவருக்கு நிழல்தான் தெரியும். வெளிச்சம் பார்ப்பவர்களின் முதுகுக்குப் பின்னாலிருந்து வரட்டும்.

இவற்றோடு 40 துண்டுச் சீட்டு, நேரம் பார்க்க ஒரு செல்போன், ஒரு பிளாஸ்டிக் குடம், இரண்டு மெல்லிய பருத்தித் துண்டு. மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். சாப்பிட்ட உடனே தொடங்க வேண்டாம், குனிந்து நிமிர வேண்டியிருக்கும்.

முதலில் கண்ணாடி

இருவர் இருவராக, இரண்டடி தள்ளி எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் ஆள், மற்றவர் கண்ணாடி. ஆள் கையைத் தூக்கினால் கண்ணாடியும் தூக்கும். ஆள் வலது கையை உயர்த்தும்போது கண்ணாடி இடது கையை உயர்த்த வேண்டும். இதிலேயே பாதிப் பேர் தடுமாறுவார்கள். இரண்டு நிமிடம் கழித்து ஆளும் கண்ணாடியும் மாறிக்கொள்ளட்டும். இன்னும் இரண்டு நிமிடம் போனதும், யார் நடத்துகிறார் என்று சொல்லாமலே இருவரும் சேர்ந்து அசையச் சொல்லுங்கள்.

இங்கே கெடுவது வேகத்தால்தான். எதிரே இருப்பவரைத் தோற்கடிக்கும் ஆசையில் சட்டென்று கையை வீசுவார்கள். அப்படி விளையாடினால் ஒன்றும் பழகாது. பக்கத்தில் நின்று பார்க்கும் மூன்றாவது ஆளுக்கு எது ஆள், எது கண்ணாடி என்று தெரியக் கூடாது, அதுதான் வெற்றி. அதற்கு மிக மெதுவாக அசைய வேண்டும். மெதுவாக அசையும்போதுதான் தன் முழங்கை எங்கே இருக்கிறது, எந்தத் தோள் ஏறியிருக்கிறது என்று தனக்கே தெரியவரும். கையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் எதிராளியின் கண்ணையே பார்க்கச் சொல்லுங்கள். கை ஓரப் பார்வையில் தானாகவே தெரியும்.

குடம்: எல்லாவற்றுக்கும் அடிப்படைப் பாடம்

இந்த ஒன்றுக்கு மட்டும் முழுதாக இருபது நிமிடம் கொடுங்கள். குடம் சரியாக வந்துவிட்டால் மூட்டை, கூடை, கைக்குழந்தை எல்லாம் தானாக வரும்.

15 லிட்டர் பிடிக்கும் குடம் நிறைந்தால் 15 கிலோவுக்குக் குறையாது. முதலில் நிஜக் குடத்தில் பாதித் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொருவரும் மூன்று முறை தூக்கி, இடுப்பில் வைத்துப் பத்தடி நடந்து, இறக்கி வைக்கட்டும். மற்றவர்கள் கையைப் பார்க்காமல் முழங்கால், இடுப்பு, தோள் மூன்றையும் பார்க்க வேண்டும். பிறகு குடத்தை ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்கையில் மூன்று முறை.

வரிசை இப்படி இருக்கும். கண் முதலில் குடத்தின் வாய்க்குப் போகிறது. அதன் பிறகுதான் உடம்பு குனிகிறது. கால்கள் ஓரடி அகலத்தில், ஒன்று சற்று முன்னால். முழங்கால் மடங்குகிறது. கை தளர்வாகவே கீழே போய், குடத்தின் கழுத்தைத் தொட்ட நொடியில் விரல்கள் கழுத்தின் உருண்டைக்கு ஏற்ப வளைந்து இறுகுகின்றன. அந்த 'தொட்டேன்' என்கிற நொடி பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். தொடும் முன்பே விரலை வளைத்து வைத்திருந்தால் குடமே இல்லாமல் போய்விடும்.

தூக்குவதற்கு முன் ஒரு மூச்சு உள்ளே. உடம்பு ஒரு விரற்கடை இன்னும் கீழே இறங்கும். புதியவர்கள் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். எடை இருக்கும் பொருளை யாரும் நேராக மேலே இழுப்பதில்லை. கால் தரையை அழுத்தி உந்துகிறது, இடுப்பு எழுகிறது, கை நீட்டியபடியே இருக்கிறது, குடம் கடைசியாகத்தான் எழுகிறது. குடம் இருக்கும் பக்கத் தோள் தாழ்கிறது. இடது இடுப்பில் ஏற்றினால் இடுப்பு இடப்பக்கம் தள்ளி நிற்கும், மேலுடம்பு வலப்பக்கம் சாயும், வலது கை சற்று விலகிச் சமன் செய்யும். நடை குறுகும், பாதம் முழுசாகத் தரையில் பதியும்.

இறக்கும்போது இதே வரிசை தலைகீழாக. குடம் தரையைத் தொட்டதும் முதலில் விரல் பிரிய வேண்டும், பிறகு கை விலக வேண்டும், அப்புறம்தான் உடம்பு நிமிர வேண்டும். நிமிர்ந்ததும் மூச்சு வெளியேறி, தாழ்ந்த தோள் தன் இடத்துக்கு ஏறும். விரலைப் பிரிக்காமலே நிமிர்ந்துவிட்டால் குடம் கையோடு ஒட்டிக்கொண்டு வந்த மாதிரி தெரியும்.

இதில் வரும் தவறுகள் ஏறக்குறைய எல்லாக் குழுவிலும் ஒன்றேதான். நடக்க நடக்கக் குடம் மெலிந்துபோகும், அதாவது கை விலாவோடு ஒட்டிவிடும். ஒரு நிஜக் குடத்தைக் கைக்கும் விலாவுக்கும் நடுவில் வைத்துக் காட்டி, அந்த இடைவெளி கடைசி வரை இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். இன்னொன்று, எடையை முகத்தில் காட்டுவது. பல்லைக் கடித்து, கண்ணைச் சுருக்கி, கழுத்து நரம்பு புடைக்க நிற்பார்கள், முழங்காலோ நேராக இருக்கும். தினமும் தண்ணீர் தூக்கும் பெண் முகத்தைச் சுளிப்பதில்லை, அவள் உடம்புக்கு வேலை தெரியும். "முகத்தை விடுங்க, முழங்கால்ல காட்டுங்க" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும்.

இதை ஆட்டமாக்குவது எளிது. கால் குடம், அரைக் குடம், நிறைகுடம் என்று மூன்று சீட்டு. ஒருவர் சீட்டை எடுத்து வெறுங்கையில் தூக்கி நடக்க, மற்றவர்கள் எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல வேண்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள்கூட மூன்றாவது சுற்றுக்குள் பிடித்துக்கொள்வார்கள்.

வட்டத்தில் கைமாற்று

எட்டுப் பேர் வட்டமாக நின்று, இல்லாத பொருளைக் கைமாற்றிக்கொண்டே போக வேண்டும். முதலில் மட்டை உரிக்காத தேங்காய். அடுத்து ஒரு கோழிக்குஞ்சு. பிறகு அடுப்பிலிருந்து துணி பிடித்து இறக்கிய போசி (சமையல் பாத்திரம்). கடைசியாக நிறைந்த சாணிக் கூடை.

வாங்குபவரின் கைகளுக்கு நடுவில் இருக்கும் அகலம் கொடுத்தவரின் அகலமாகவே இருக்க வேண்டும். அதோடு, கைமாறும் இடத்தில் ஒரு நொடியாவது நான்கு கையும் பொருளின் மேல் இருக்க வேண்டும். வாங்குபவர் பிடிக்கும் முன்பே கொடுப்பவர் கையை விட்டால் போசி கீழே விழுந்தது என்று அர்த்தம், அந்தச் சுற்று அங்கேயே நிற்கும். எடை ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறுவது அந்த ஒரு நொடியில்தான் தெரியும். சுற்று முடிந்ததும் முதல் ஆள் தன் கைக்கு வந்த தேங்காயின் அளவைக் காட்டட்டும். பெரும்பாலும் அது எலுமிச்சை அளவுக்கு வந்திருக்கும். எந்த இடத்தில் சுருங்கியது என்று எல்லோரும் சேர்ந்து தேடுங்கள், யாரையும் குற்றம் சொல்ல அல்ல, கண் பழகுவதற்கு.

கயிறு, சுவர்

மூன்று பேருக்கு மூன்று பேர் எதிர்நின்று, இல்லாத வடத்தை இழுப்பது. வடம் நீளாது, சுருங்காது என்பது மட்டுமே விதி. இந்தப் பக்கம் ஒரு அடி பின்னால் போனால் அந்தப் பக்கம் ஒரு அடி முன்னால் வந்தே ஆக வேண்டும். முதல் முறை விளையாடும்போது இரண்டு பக்கமும் பின்னால் போய், இரண்டு பக்கமும் ஜெயித்திருக்கும். நடுவில் ஒருவரை நிறுத்தி, வடத்தின் நடுமுடிச்சு எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். அவர் விரலைப் பார்த்து இரு பக்கமும் நகரட்டும். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டாம். எதிர்ப்பக்கம் இழுப்பதை ஏற்றுக்கொண்டு நாம் நகர்வதுதான் இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது.

நிஜ வடம் இழுக்கும்போது நாம் பின்னால் சாய்ந்தாலும் விழாமல் அது தாங்கிப் பிடிக்கிறது. வடம் இல்லாதபோது தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே பின்காலை நன்றாக மடக்கி, எடை முழுவதையும் அதில் இறக்கி, முன்காலை நீட்டி வைக்க வேண்டும். பார்ப்பவருக்கு வடம் இழுப்பதுபோலத் தெரியும், உண்மையில் உங்கள் எடையைத் தாங்குவது உங்கள் பின்தொடை. இப்படி இல்லாத பொருளின் எடையை உடம்பின் வேறு பகுதியால் ஈடு செய்வதை 'எதிர்எடை' என்று முறையாக வகுத்துப் பாடமாக்கியவர் பிரான்சின் மைம் ஆசிரியர் எத்தியன் தெக்ரூ (1898–1991). அவரிடம் படித்த மார்சல் மார்சோ (1923–2007) உலகம் முழுக்க மேடையேற்றிக் காட்டிய கண்ணாடிச் சுவரும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

சுவருக்கு ஒரே சூத்திரம்: கை நிற்க, உடம்பு நகர வேண்டும். தளர்ந்த கை காற்றில் போய், சுவர் இருக்கும் இடத்தில் 'டக்' என்று தட்டையாக நிற்கிறது. இனி அந்த உள்ளங்கை ஒரு நூல்கூட அசையக் கூடாது. உடம்பு அரையடி முன்னால் வரட்டும், பின்னால் போகட்டும், முழங்கை மடங்கி நிமிர்ந்து அதைச் சரிக்கட்டும். கையை எடுக்கும்போது மறுபடி தளர வேண்டும். நிஜச் சுவரில் ஐந்து முறை செய்து, அதே இடத்தில் ஒரு சாண் தள்ளி நின்று வெறுங்காற்றில் ஐந்து முறை செய்யுங்கள்.

சினிமா பேர் ஆட்டம், மாற்றிய விதிகளோடு

இப்போது பழைய ஆட்டத்துக்கே வரலாம். சீட்டில் படப் பெயர் எழுத வேண்டாம். ஒரு வேலை, ஒரு இடம், ஒரு சிக்கல் மூன்றும் இருக்கும்படி எழுதுங்கள்.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு 500 ரூபாய் நோட்டுக்குச் சில்லறை தேடுவது. மருதமலைப் படியில் தேங்காய் பழத் தட்டோடு ஏறும்போது எதிரில் குரங்கு. களத்தில் மஞ்சள் காய்கிறது, முதல் தூறல் விழுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் பஸ், வளைவு வளைவாகத் திரும்ப, பக்கத்து சீட்காரர் தூங்கித் தோளில் சாய்கிறார். ஒப்புட்டு தட்டும்போது மாவு கையில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது.

உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் தினமும் நடக்கும் வேலைகளையே எழுதுங்கள். பார்த்திராத வேலையை யாராலும் உடம்பில் கொண்டுவர முடியாது. விண்வெளி வீரர், கடற்கொள்ளைக்காரர் என்று எழுதினால் எல்லோரும் சினிமாவில் பார்த்ததைத்தான் செய்வார்கள்.

விரல் எண்ணிக்கை, காதைத் தொடுவது, காற்றில் எழுத்து எழுதுவது, அறையில் இருக்கும் பொருளைச் சுட்டுவது, உதட்டை அசைப்பது எல்லாம் தடை. நேரம் 90 நொடி. பார்ப்பவர்கள் முதல் 60 நொடி வாயைத் திறக்கக் கூடாது. இந்த விதிதான் ஆட்டத்தையே மாற்றுகிறது. கூட்டம் கத்த ஆரம்பித்தால் நடிப்பவர் வேலையை விட்டுவிட்டு அவர்களுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார். ஒரே அசைவை வேகமாகத் திரும்பத் திரும்பச் செய்வதும், தலையாட்டுவதும் அதனால்தான் வருகின்றன. அமைதி இருந்தால் அவர் தன் வேலைக்குள் போவார்.

வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. வேலை தெரிந்தால் 1, இடம் தெரிந்தால் 1, சிக்கல் தெரிந்தால் 2. சிக்கலுக்குக் கூடுதல் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கரண்ட் போகும் முன் மெஷின் ஓடியது தெரிந்தால்தான் போனது தெரியும். ஆகவே நடிப்பவர் முதல் முப்பது நொடியாவது சாதாரண வேலையைப் பொறுமையாகச் செய்ய வேண்டியிருக்கும். மேடையில் அவசரப்படும் பழக்கம் இதனால் குறையும்.

முடிந்ததும் "நல்லா இருந்துச்சு" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். என்ன பார்த்தோமோ அதைச் சொல்லுங்கள். "அருவா தெரிஞ்சுதுங்க, இளநியோட எடை தெரியலைங்க." "பஸ் திரும்புனது தெரிஞ்சுது, ஆனா எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு தெரியல." இப்படிச் சொன்னால் அடுத்த முறை எதைத் திருத்துவது என்று நடித்தவருக்குப் புரியும்.

முகத்துக்கு: ராஜா ராணி திருடன் போலீஸ்

முகத்தை இதுவரை ஒதுக்கி வைத்ததற்குக் காரணம், முதலிலேயே முகத்தைக் கொடுத்தால் உடம்பு வேலை செய்யாது. இப்போது கொடுக்கலாம்.

ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று சீட்டுக் குலுக்கும் ஆட்டம் எல்லா வீட்டிலும் உண்டு. போலீஸ் மட்டும் தன் சீட்டைக் காட்டிவிட்டு, 60 நொடி எல்லோர் முகத்தையும் பார்த்துத் திருடனைச் சொல்ல வேண்டும். யாரும் பேசக் கூடாது, சிரிக்கலாம். திருடனை எது காட்டிக் கொடுத்தது என்று ஒவ்வொரு சுற்றிலும் போலீஸிடம் கேளுங்கள். மூச்சு நின்றது, இமை அடிக்கடி அடித்தது, எச்சில் விழுங்கினார், தேவைக்கு மேல் சாதாரணமாக இருந்தார் என்று பதில் வரும். உணர்ச்சியைக் காட்ட எவ்வளவு சின்ன அசைவு போதும் என்பதை வேறு எந்தப் பயிற்சியும் இவ்வளவு சீக்கிரம் சொல்லித் தராது. குறும்படத்தில் நடிக்கப் போகிறவர்கள் இதையே அதிகம் விளையாடட்டும், கேமரா அந்த இமையைப் பிடித்துவிடும். மண்டபத்தில் பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இமை தெரியாது. மேடைக்குப் போகிறவர்கள் அதே பயத்தை நெஞ்சிலும் தோளிலும் பெரிதாக்கக் கற்க வேண்டும்.

எட்டு மெய்ப்பாடு, 32 சீட்டு

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உணர்ச்சிகளை எட்டாக வகுக்கிறது: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). ஒவ்வொன்றும் நான்கு காரணங்களில் பிறக்கும் என்கிறது. ஆக 32. நடிப்பு பழகுபவருக்கு இதைவிடக் கச்சிதமான சீட்டுக்கட்டு கிடைக்காது. 'அச்சம்' என்று மட்டும் எழுதினால் எல்லோரும் கண்ணை விரித்துக் கையை வாயருகே கொண்டுபோவார்கள். காரணத்தோடு எழுதினால் உடம்பு மாறுகிறது.

அச்சத்துக்குத் தொல்காப்பியர் சொல்லும் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. விலங்கைக் கண்டு பயந்தவரின் எடை பின்காலுக்குப் போகும், உடம்பு ஓடத் தயாராக இருக்கும், கண் அதை விட்டு விலகாது. கள்வர் பயம் காதில் இருக்கிறது. ராத்திரி தோட்டத்துச் சாளையில் (குடிசையில்) தனியாகப் படுத்திருப்பவர் முதலில் கேட்கிறார், தலை மெல்லத் திரும்புகிறது, உடம்பு அப்படியே நிற்கிறது. அணங்கு என்றால் பார்த்தது என்னவென்றே புரியாத பயம், கை கால் பாதியில் நின்றுவிடும். இறை, அதாவது தன்னை ஆள்பவர் மேல் உள்ள பயத்தில் ஓட முடியாது, அங்கேயே நிற்க வேண்டும். ஆகவே உடம்பு சுருங்கும், தோள் முன்னால் வளையும், கண் தரைக்குப் போகும். நான்கும் அச்சம்தான், ஆனால் நான்கு வேறு வேறு முதுகெலும்பு.

அழுகைக்கு இளிவு (பிறர் இகழ்வது), இழவு (இழப்பு), அசைவு, வறுமை. இதில் அசைவு என்பது பழைய நல்ல நிலையிலிருந்து தாழ்ந்துபோவது. வறுமையில் இருப்பவர் கையில் ஒன்றும் இல்லை. அசைவில் இருப்பவரின் கையோ முன்பு இருந்ததைத் தேடுகிறது. அந்த வித்தியாசத்தை ஒரு நிமிடம் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

விளையாடும் முறை: நடிப்பவர் மெல்லிய துண்டால் முகத்தை மூடிக்கொள்கிறார். சீட்டில் உள்ளதை உடம்பால் மட்டும் 30 நொடி செய்கிறார். பார்ப்பவர்கள் எட்டில் எது என்று சொல்ல வேண்டும். பிறகு துண்டை எடுத்துவிட்டு அதையே மறுபடி. துண்டோடு கண்டுபிடிக்க முடியவில்லை, முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது என்றால் உடம்பு இன்னும் தூங்குகிறது என்று பொருள். முகத்தை மூடி உடம்பைப் பழக்குவதைப் பிரான்சில் நாடக இயக்குநர் ஜாக் கோப்போ (1879–1949) தொடங்கினார். ஜாக் லெகாக் (1921–1999) 1956-ல் பாரிஸில் திறந்த பள்ளியில் எந்த உணர்ச்சியும் இல்லாத முகமூடியை அடிப்படைப் பாடமாகவே வைத்தார். நம்மிடம் முகமூடி இல்லை, துண்டு போதும். துண்டு மூச்சுக்கு இடம் விடட்டும், ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். படி, திண்ணை ஓரத்தில் செய்யக் கூடாது, பக்கத்தில் எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும்.

32-ஐயும் ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம். ஒரு மாலைக்கு இரண்டு மெய்ப்பாடு, எட்டுச் சீட்டு போதும்.

செய்கை அஞ்சல்

ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராக, முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கடைசி ஆளுக்கு மட்டும் ஒரு வேலையைச் செய்து காட்டுங்கள், சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்னால் இருப்பவரின் தோளைத் தட்டித் திருப்பி ஒரே ஒரு முறை செய்து காட்ட, அப்படியே முன்னுக்குப் போகும். முதல் ஆள் செய்யும்போது பஞ்சர் வேலை மாவு பிசைவதாக மாறியிருக்கும். எல்லோரும் சிரிக்கட்டும், பிறகு பாருங்கள். காணாமல் போனது எப்போதும் சின்னச் சின்ன நிறுத்தங்கள்தான்: ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்த அந்த இரண்டு நொடி. கை அசைவை எல்லோரும் கடத்திவிடுகிறார்கள், பார்வையைக் கடத்துவதில்லை.

இவற்றை விட்டுவிடுங்கள்

'ஊமை நாடகம்' என்ற சொல் வேண்டாம், மௌன நாடகம் அல்லது மைம் என்றே சொல்லலாம். காது கேளாதவர்கள் பேசும் சைகைமொழி தனி இலக்கணம் கொண்ட முழுமையான மொழி. அதைப் போலச் செய்து காட்டுவது விளையாட்டில் வரக் கூடாது. ஒரு சாதிக்காரரின் நடை, ஒருவரின் உடல்குறை, வீட்டுப் பெரியவரின் நடுக்கம் இவற்றையும் சீட்டில் எழுதாதீர்கள். சிரிப்பு வரும், ஆனால் அறையில் ஒருவர் சுருங்கிப்போவார், அதன்பிறகு அவர் எழுந்து வரவே மாட்டார். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு உட்கார்ந்தே செய்யும் வேலைகளைக் கொடுங்கள். பூத் தொடுப்பது, வெங்காயம் உரிப்பது, கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது. இதில் பாட்டிமார்களை மிஞ்ச ஆள் கிடையாது.

வர மாட்டேன் என்பவரை இழுத்து வந்து நிறுத்தக் கூடாது. அவரிடம் நேரம் பார்க்கும் வேலையைக் கொடுங்கள். இரண்டு சுற்று உட்கார்ந்து பார்த்தால் வட்டத்தில் கைமாற்றுக்குத் தானாக வந்து நிற்பார், அங்கே யாரும் தனியாக நிற்பதில்லை.

அடுத்த கட்டம்: இரண்டு நிமிடக் காட்சி

நான்கைந்து மாலை இப்படி விளையாடிய பிறகு, மூன்று பேராக ஒரு காட்சி கட்டலாம். சந்தகை (கொங்கு நாட்டு இடியாப்பம்) பிழிவது நல்ல தொடக்கம், ஏனென்றால் மூன்று பேருக்கும் ஒரே பொருள்தான் நடுவில். ஒருவர் ஆவி பறக்கும் மாவுருண்டையை விரல் சுடச் சுட எடுத்துப் போடுகிறார், ஒருவர் கைப்பிடியைச் சுற்றுகிறார், ஒருவர் கீழே தட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பி வாங்குகிறார். மிஷின் எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம், கைப்பிடி எவ்வளவு நீளம் என்று கோலமாவால் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றுபவரின் கை இறுகும் நொடியும் கீழே சந்தகை விழும் நொடியும் பொருந்த வேண்டும். மூவரும் ஒன்றாக மூச்சு விட்டுப் பழகினால் பொருந்தும். நடுவில் ஒரு சிக்கல் வையுங்கள்: மாவு ஆறிப்போய் இறுகிவிட்டது, கைப்பிடி சுற்ற மறுக்கிறது. மூவரும் என்ன செய்வார்கள் என்பதில்தான் காட்சி பிறக்கும்.

செல்போனை நெஞ்சு உயரத்தில், பத்தடி தள்ளி வைத்துப் பதிவு செய்யுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். கண் பொருளுக்கு முன்னால் போகிறதா, தொடும் நொடி தெரிகிறதா, அளவு மாறாமல் இருக்கிறதா, விடும்போது விரல் பிரிகிறதா என்ற நான்கை மட்டும் தேடுங்கள். முதல் பதிவில் எடையும் அளவும் பெரும்பாலும் தவறியே இருக்கும், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

அடுத்து, இந்தப் பயிற்சியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவருக்கு அந்தப் பதிவைக் காட்டுங்கள், பக்கத்து வீட்டு அக்காவோ, கடைக்கார அண்ணனோ. பார்த்ததை அவர் தன் வாயால் கதையாகச் சொல்லட்டும். நடுவில் புகுந்து விளக்கம் கொடுக்காமல் கேளுங்கள். எந்த இடத்தில் அவர் "அப்புறம் என்னமோ பண்ணுனாங்க" என்று தாண்டிப் போகிறாரோ, அதுதான் அடுத்த மாலை முதலில் எடுத்துப் பழக வேண்டிய இடம்.